மருந்துக் கடை கவுன்ட்டரில் கேட்ட சந்தேகங்கள்: வலி மாத்திரை, தூக்க மாத்திரை, போதை

மதுரைப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் 19 வருடமாக மருந்தாளுநராக நிற்கிறேன். "போதை மாத்திரை பறிமுதல்" என்று பேப்பரில் செய்தி வந்தால் மறுநாள் கவுன்ட்டரில் பாதிப் பேர் தங்கள் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றைப் போட்டிருக்கிறேன். எந்த மருந்துக்கும் அளவு எழுதவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் உங்கள் டாக்டர்.

அக்கா, ஒரே மாத்திரை ஒருத்தருக்கு மருந்து, இன்னொருத்தருக்கு போதைன்னா எப்படி?

வலியைக் குறைக்கும் பொருள்களை நம் உடம்பே சுரக்கிறது. எண்டார்ஃபின், என்கெஃபலின் என்று பெயர். அவை போய் ஒட்டும் இடங்கள்தான் ஓப்பியாய்டு ஏற்பிகள். அபினிலிருந்து எடுக்கும் மார்ஃபினும் அதே இடத்தில்தான் போய் உட்காருகிறது. இப்படி அங்கே போய் ஒட்டும் மருந்துகளைத்தான் ஓப்பியாய்டு என்கிறோம். வேடிக்கை என்னவென்றால், 1973-ல் ஏற்பியைத்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். செடியிலிருந்து வரும் பொருளுக்கு நம் மூளையில் ஏன் நாற்காலி போட்டிருக்கிறது, இது யாருக்காகப் போட்டது என்று தேடிப் போய்த்தான் 1975-ல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ஹியூஸும் கோஸ்டர்லிட்ஸும் என்கெஃபலினைக் கண்டுபிடித்தார்கள்.

இந்த ஏற்பிகள் ஓர் இடத்தில் மட்டும் இல்லை. தண்டுவடத்தில் இருப்பவை வலிச் செய்தியை மறிக்கும். குடலில் இருப்பவை மலச்சிக்கலைத் தரும். மூளைத்தண்டில் இருப்பவை மூச்சைக் குறைக்கும். மூளையின் நடுப்பகுதியில் இருப்பவை டோபமின் என்ற மூளை ரசாயனத்தை அவிழ்த்துவிட்டு ஒரு சுகத்தைத் தரும். "நீ வலிக்கு மட்டும் போ" என்று விலாசம் எழுதி மாத்திரையை அனுப்ப முடியாது. எல்லா இடத்துக்கும்தான் போகும்.

அப்புறம் ஏன் எல்லோரும் அடிமையாவதில்லை? மனசு, வீடு, வயது, பரம்பரை என்று பல காரணங்கள் உண்டு. மருந்தின் பக்கம் மட்டும் பார்த்தால் பெரிய காரணம் வேகம். மெதுவாக ஏறி மெதுவாக இறங்கினால் வலி குறையும், அவ்வளவுதான். சட்டென்று ஏறினால் மூளை அதை ஒரு முக்கியமான சம்பவமாகக் குறித்துவைத்துக்கொண்டு மறுபடி கேட்கும். இந்த வேகக் கணக்கை நினைவில் வையுங்கள், கீழே பல இடத்தில் வரும்.

அப்போ டாக்டர் எழுதித் தர்ற வலி மாத்திரை எல்லாமே போதை மாத்திரைதானா?

இல்லவே இல்லை. பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் எதுவும் ஓப்பியாய்டு ஏற்பி பக்கமே போகாது. ஐபுப்ரோஃபென் வகையறா, வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கிறது. அதில் போதை கிடையாது. வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரலாம், அது வேறு கதை. செய்தியைப் பார்த்துப் பயந்து பாராசிட்டமாலைத் திருப்பிக் கொடுக்க வந்தவரும் உண்டு. அதே ஆள் மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக்கை மாதக்கணக்கில் யாரையும் கேட்காமல் விழுங்கிக்கொண்டிருந்தார்.

பேப்பர்ல வர்ற டபென்டடால்னா என்ன? டிரமடாலும் அதுவும் ஒண்ணா?

ஒரே குடும்பம், ஆனால் ஒன்றில்லை. டிரமடால் ஜெர்மனியில் 1977-ல் விற்பனைக்கு வந்தது. அதுவாக ஓப்பியாய்டு ஏற்பியில் பலமாக ஒட்டாது. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை மாற்றிய பிறகுதான் முழு வீரியம் வரும். கூடவே செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற மூளை ரசாயனங்கள் இரண்டையும் கூட்டிவிடும். அதனால் டிரமடால் அதிகமானால் மூச்சுப் பிரச்சினை மட்டுமில்லை, வலிப்பும் வரலாம். சில மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் உடல் சூடு, நடுக்கம், குழப்பம் என்று செரட்டோனின் எகிறும். மனநல மருந்து எடுப்பவர்கள் அதை எலும்பு டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று நான் தொண்டை வற்றச் சொல்வது இதற்காகத்தான்.

டபென்டடால் பிறகு வந்தது. அமெரிக்காவில் 2008-ல் அனுமதி கிடைத்தது. கல்லீரல் மாற்றித் தர வேண்டியதில்லை, நேரடியாகவே வேலை செய்யும். நார்அட்ரினலினைக் கூட்டும், செரட்டோனினை அவ்வளவாகத் தொடாது. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலிக்கும் நரம்பு வலிக்கும் நல்ல மருந்து என்பதில் சந்தேகமில்லை. 2018-ல் மத்திய அரசு டிரமடாலை என்.டி.பி.எஸ். என்ற போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. அதன் பிறகு டபென்டடால் பெயர் செய்திகளில் அடிக்கடி வர ஆரம்பித்தது. ஒரு கதவை இறுக்கினால் பக்கத்துக் கதவில் நெரிசல் என்பது என் கணிப்பு.

இன்னொரு கூத்தும் நடந்தது. டபென்டடாலையும் காரிசோபுரோடால் என்ற தசை தளர்த்தியையும் ஒரே மாத்திரையில் போட்டு இந்தியாவிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2025 பிப்ரவரியில் அது வெளியே வந்தபின் அந்தக் கூட்டு மருந்தின் தயாரிப்பு, ஏற்றுமதி அனுமதிகளை அரசு ரத்து செய்தது. இரண்டுமே மூச்சை மந்தப்படுத்துபவை. எந்த நோய்க்கு அந்தச் சேர்க்கை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இருமல் டானிக்ல என்ன போதை இருக்கப் போகுது? சின்ன வயசுல எனக்கே ஊத்தியிருக்காங்களே!

எல்லா டானிக்கிலும் இல்லை, கோடீன் உள்ளவற்றில் இருக்கிறது. கோடீனும் அபினிலிருந்து வருவதுதான். 1832-லேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். கோடீன் பாதி வேடம் போட்ட மார்ஃபின். கல்லீரலில் சிஒய்பி2டி6 என்ற நொதி அதில் ஒரு பங்கை மார்ஃபினாக மாற்றுகிறது. டிரமடாலை மாற்றும் நொதியும் இதுவேதான்.

சிக்கல் இங்கேதான். இந்த நொதி எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. சிலருக்கு வேலையே செய்யாது, அவர்களுக்குக் கோடீன் சும்மா சர்க்கரைப் பாகு. சிலருக்கு அதிவேகமாக ஓடும். அவர்கள் உடம்பில் அதே ஒரு மூடி மருந்து திடீரென்று நிறைய மார்ஃபினாகிவிடும். டான்சில் அறுவைக்குப் பிறகு கோடீன் கொடுத்த சில குழந்தைகள் மூச்சு நின்று இறந்தது இப்படித்தான். 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கோடீனும் டிரமடாலும் கூடாது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-ல் சொல்லிவிட்டது. "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்பது உங்கள் கல்லீரலைப் பற்றிய செய்தி. உங்கள் பிள்ளைக்கு வேறு மாதிரி இருக்கலாம்.

சொல்லப்போனால் ஹெராயினே 1898-ல் பேயர் நிறுவனம் இருமலுக்கென்று விற்ற மருந்துதான்.

வாயில போட்டுக்கிற மாத்திரையை ஏன் ஊசியில ஏத்திக்கறாங்க? செத்துப் போறாங்களே, ஏன்?

ஏன் என்பதற்கு முதல் பதிலில் சொன்ன வேகம்தான் காரணம். வாய்வழி போகும் மருந்து குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலைத் தாண்டி, அதன் பிறகே மூளைக்குப் போகும். ஊசியில் நேராக ரத்தக் குழாயில் போனால் அந்தத் தாமதம் எதுவும் இல்லை.

சாவதற்குக் காரணம் மருந்து மட்டும் இல்லை. மாத்திரையில் மருந்து கொஞ்சம்தான். மீதி செல்லுலோஸ், டால்க், மாவுச்சத்து. குடலுக்கு அவை ஒன்றும் செய்யாது. ரத்தத்தில் போனால் கரையாமல் நுரையீரலின் மெல்லிய குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். கண்ணால் பார்த்தால் தெளிந்த தண்ணீராகத் தெரிந்தாலும் துகள் உள்ளே இருக்கும். தவறி ரத்தத் தமனியில் ஏறினால் விரல், கை அழுகி எடுக்க வேண்டி வரும். கிருமி உள்ளே போனால் இதய வால்வில் உட்காரும். ஊசியை இன்னொருவரோடு பகிர்ந்தால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி. பேப்பரில் "போதை ஊசி போட்ட வாலிபர் பலி" என்று ஒரே வரியில் முடிந்துவிடும் செய்திக்குள் இவ்வளவும் இருக்கிறது.

பத்து வருஷமா ராத்திரி ஒரு தூக்க மாத்திரை போடறேன்மா. நானும் அடிமைதானா?

இதைக் கேட்டவர் 70 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். அவரிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். உடம்பு பழகிப்போவது வேறு, அடிமையாவது வேறு. நிறுத்தினால் தொல்லை வருகிறது என்றால் உடம்பு பழகிவிட்டது. கேடு என்று தெரிந்தும் தேடிப் போகிறோம், அளவைக் கூட்டிக்கொண்டே போகிறோம், அதற்காகப் பொய் சொல்கிறோம், வேலையையும் வீட்டையும் விடுகிறோம் என்றால் அது அடிமைத்தனம். ஐயாவுக்கு முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை.

அல்பிரசோலம், டயாசிபாம், நைட்ராசிபாம், குளோனாசிபாம் எல்லாம் பென்சோடயசிபீன்கள். இந்த வகையில் முதலாவது 1960-லும் டயாசிபாம் 1963-லும் கடைக்கு வந்தன. மூளையில் காபா என்ற பொருள் நரம்புகளை அடக்கி வைக்கிறது. இந்த மாத்திரைகள் காபாவின் குரலை உரக்க ஒலிக்கவைக்கும். தாங்களாக எதையும் அடக்குவதில்லை. அதனால்தான் பார்பிச்சுரேட் என்ற பழைய தூக்க மருந்துகளை விட இவை பாதுகாப்பானவை. ஆனால் வாரக்கணக்கில் தொடர்ந்தால் மூளை காதைப் பொத்திக்கொள்கிறது, அதே மாத்திரையில் பழைய தூக்கம் வருவதில்லை. வயதானவர்கள் ராத்திரி எழுந்து பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வதற்கும் இந்த மாத்திரை ஒரு காரணம். போதையை விட அந்தப் பயம்தான் எனக்கு அவர் விஷயத்தில் அதிகம்.

சரி, அப்போ நாளையிலிருந்தே நிறுத்திடறேன்.

வேண்டாம்! இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். நீண்ட நாள் எடுத்த பென்சோடயசிபீனைச் சட்டென்று நிறுத்தினால் பதற்றம், நடுக்கம், தூக்கமின்மை, சிலருக்கு வலிப்பு வரும். உயிருக்கே ஆபத்தாகலாம். மூளை காதைப் பொத்திக்கொண்டது என்றேன் இல்லையா? மாத்திரை போனதும் காபாவின் சாதாரணக் குரல் அதற்குக் கேட்பதில்லை. நரம்புகள் கட்டவிழ்ந்து ஓடும்.

ஓப்பியாய்டை நிறுத்தினால் வரும் வித்ட்ராயல் வாந்தி, பேதி, மூக்கொழுகல், உடம்பு முறித்துப் போடுகிற வலி என்று கொடுமையாக இருக்கும். ஆனால் உடல்நலம் உள்ள ஆளை அது கொல்வது அபூர்வம். தூக்க மாத்திரையும் சாராயமும் அப்படி இல்லை. டாக்டர் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார். அல்பிரசோலம் சுமார் 11 மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். டயாசிபாம் நாள்கணக்கில் நிற்கும். அதனால் சில டாக்டர்கள் முதலில் டயாசிபாமுக்கு மாற்றி, பிறகு குறைப்பார்கள். மாத்திரை மாறிவிட்டதே என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

வலி மாத்திரையும் டாக்டர் தந்தது, தூக்க மாத்திரையும் டாக்டர் தந்தது. சேர்த்துப் போட்டா என்ன?

இரண்டு டாக்டர்களுக்கும் மற்றவர் எழுதியது தெரியுமா என்பதுதான் கேள்வி. ஓப்பியாய்டு, மூச்சை ஓட்டும் மூளைத்தண்டை மந்தமாக்கும். ரத்தத்தில் கரியமில வாயு ஏறினாலும் "மூச்சு இழு" என்ற கட்டளை வராது. தூக்க மாத்திரை அதன்மேல் இன்னொரு போர்வையைப் போடும். மேலே ஒரு குவார்ட்டரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தனித்தனியாக ஒன்றும் செய்யாத அளவுகள் சேரும்போது கொல்லும். இந்தச் சேர்க்கைக்கு அமெரிக்காவில் 2016-லிருந்து மருந்துக் குறிப்பிலேயே கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கிறார்கள்.

எழுப்பினால் எழாமை, குறட்டை போலக் களகளவென்ற மூச்சு, ஊசிமுனை போலச் சுருங்கிய கண்மணி, நீலம் பாய்ந்த உதடு: இவற்றைப் பார்த்தால் "போதையில தூங்கறான், காலையில சரியாயிடும்" என்று விடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். ஓப்பியாய்டுக்கு நாலாக்சோன் என்ற மாற்று மருந்து உண்டு. ஏற்பியிலிருந்து ஓப்பியாய்டைத் தள்ளிவிட்டு அது உட்கார்ந்துகொள்ளும். ஆனால் சீக்கிரம் எழுந்து போய்விடும், பழைய மருந்து மறுபடி உட்காரும். அதனால் கண் திறந்துவிட்டான் என்று உடனே வீட்டுக்குக் கூட்டிவரக் கூடாது.

எங்க பையன் ஆறு மாசம் சென்டர்ல இருந்து நல்லாகி வந்தான். பழைய அளவுதான் எடுத்தான்னு கூட இருந்தவன் சொல்றான். எப்படிக்கா போனான்?

இதை எழுதும்போது கை ஓடவில்லை. பழைய அளவு என்பதுதான் காரணம். தொடர்ந்து எடுக்கும்போது உடம்பு பழகும். ஆறு மாதம் விட்டதும் அந்தப் பழக்கம் கலைந்து, முதல் நாள் எடுத்தவனின் உடம்பாக மாறிவிடுகிறது. மனசு மட்டும் பழைய கணக்கை நினைவில் வைத்திருக்கிறது. மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை என்பது உலகம் முழுக்கப் பார்த்த விஷயம். அவன் உங்களை ஏமாற்றவில்லை அம்மா. இதை அவனுக்கு யாராவது சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

போதையை விடறதுக்கு இன்னொரு போதையையே தர்றாங்களாமே, இது என்ன நியாயம்?

மேலே உள்ள பதிலுக்குப் பிறகு இதைப் படித்தால் நியாயம் புரியும். பியூப்ரினார்ஃபின் ஓப்பியாய்டு ஏற்பியில் மிகப் பலமாக ஒட்டும், ஆனால் அரைகுறையாகத்தான் தூண்டும். ஓர் அளவுக்கு மேல் கொடுத்தாலும் மூச்சைக் குறைக்கும் விளைவு அதே விகிதத்தில் ஏறாது. நாள் முழுக்க மெதுவாக நிற்பதால் வித்ட்ராயலும் இல்லை, உச்சமும் இல்லை. இடத்தை அது பிடித்திருக்கும்போது வேறு ஓப்பியாய்டு எடுத்தாலும் பெரிதாக ஏறாது. நாக்கடியில் வைக்கும் மாத்திரையில் நாலாக்சோனையும் சேர்த்திருப்பார்கள். நாக்கடியில் அது வேலை செய்யாது, ஊசியில் ஏற்றினால் மட்டும் விழித்துக்கொண்டு வித்ட்ராயலைக் கிளப்பும். மருந்துக்குள்ளேயே காவலாளியை உட்காரவைத்த மாதிரி.

என்றாலும் இதைத் தூக்க மாத்திரையோடும் சாராயத்தோடும் சேர்த்தால் ஆபத்துதான்.

வயித்துப்போக்கு மாத்திரையும் அபின் வம்சமாமே, மெய்யா?

மெய்தான். லோபரமைடு ஓப்பியாய்டுதான். ஆனால் மூளையின் வாசலில் ஒரு புரதம் அதை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். குடலில் மட்டும் வேலை செய்யும். ஏமாற்றி உள்ளே நுழைக்கலாம் என்று அளவுக்கு மீறி விழுங்கியவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போயிருக்கிறது.

இன்னொன்று டைபினாக்சிலேட். அது கொஞ்சம் மூளைக்குள் போகும். அதனால் தயாரிப்பாளர்களே அதோடு துளி அட்ரோபினைச் சேர்த்துவிட்டார்கள். மருந்தளவில் தெரியாது. நிறைய விழுங்கினால் வாய் வறண்டு, நெஞ்சு படபடத்து, பார்வை மங்கும். இதுவும் அதே காவலாளித் தந்திரம்தான்.

சுகர் கால் எரிச்சலுக்குத் தர்ற பிரிகாபலின் கூடவா?

கூடத்தான். நரம்பு முனையில் கால்சியம் நுழையும் வாசலைக் கொஞ்சம் சாத்தும் மருந்து. சிலர் அதிக அளவில் எடுத்து மயக்கம் தேடுகிறார்கள் என்று பிரிட்டனில் 2019-ல் கட்டுப்பாடு போட்டார்கள். உங்களுக்கு எழுதிய அளவில் எடுத்தால் பயப்பட ஒன்றுமில்லை. தலைசுற்றலும் கால் வீக்கமும் வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இதையும் சட்டென்று நிறுத்தக் கூடாது.

பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி.ன்னு மெத்தில்ஃபெனிடேட் எழுதியிருக்கார். நெட்ல பார்த்தா போதைப்பொருள்னு போட்டிருக்கு. கொடுக்கலாமா?

ஏ.டி.எச்.டி. என்பது கவனம் நிற்காமையும் அதிகத் துறுதுறுப்பும் உள்ள கோளாறு. மெத்தில்ஃபெனிடேட், 1944-ல் பனிசோன் என்ற வேதியியலாளர் தயாரித்தது. அதற்கு இட்ட ரிட்டலின் என்ற பெயர் அவர் மனைவி ரீட்டாவிடமிருந்து வந்தது. அது டோபமினைத் திரும்ப உறிஞ்சும் குழாயை அடைக்கிறது. கொகெயினும் அதே குழாயைத்தான் அடைக்கிறது. இதைக் கேட்டதும் முகம் மாறும், எனக்குத் தெரியும். மறுபடி வேகக் கணக்குக்கு வாருங்கள். மாத்திரையாக விழுங்கினால் மூளையில் ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், சுகம் கிளம்பாது, கவனம் மட்டும் நிற்கும். மனநல டாக்டர் பார்த்து எழுதியிருந்தால் கொடுங்கள். பசி, தூக்கம், எடை மூன்றையும் கவனியுங்கள். பரீட்சை சமயத்தில் அண்ணன் அதிலிருந்து ஒன்று கேட்டால் கொடுக்காதீர்கள்.

அம்மாவுக்கு கேன்சர். மார்ஃபின் கொடுத்தா அடிமையாயிடுவாங்கன்னு சொந்தக்காரங்க தடுக்கறாங்க.

சொந்தக்காரர்களை இந்தப் பக்கம் அனுப்புங்கள். உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே புற்றுநோய் வலிக்கான மருந்துகளைப் படிக்கட்டு மாதிரி அடுக்கி, மார்ஃபினை மேல்படியில் வைத்தது. அம்மாவின் உடம்பு மருந்துக்குப் பழகும். அது ஆசிரியர் ஐயாவுக்குச் சொன்ன பழக்கம்தான், அடிமைத்தனம் இல்லை. வலிக்கும்போது மட்டும் என்றில்லாமல் நேரம் தவறாமல் கொடுத்தால் ரத்தத்தில் சீராக நிற்கும். மலச்சிக்கல் மட்டும் கட்டாயம் வரும், எத்தனை நாளானாலும் அது பழகிப்போகாது. அதனால் மலமிளக்கியையும் சேர்த்தே எழுதித்தரச் சொல்லுங்கள்.

மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு அனுமதியோடு கசகசாச் செடி வளர்த்து அபின் எடுக்கும் நாடு இது. அப்படியிருந்தும் 1985-ல் வந்த என்.டி.பி.எஸ். சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்கி வைக்கவே தயங்கின. 2014-ல் சட்டத்தைத் திருத்தி நடைமுறையை எளிதாக்கினார்கள். என் பார்வையில், சீட்டில்லாமல் டபென்டடால் விற்பது எவ்வளவு பெரிய குற்றமோ, வலியில் துடிப்பவருக்கு மார்ஃபின் இல்லை என்பதும் அவ்வளவு பெரிய குற்றம்.

சீட்டு கொண்டாந்தும் ஏன் பேர், அட்ரஸ் எல்லாம் கேக்கறே? என்னைப் பார்த்தா திருடன் மாதிரி இருக்கா?

இல்லை அண்ணே. 2014 மார்ச்சிலிருந்து ஷெட்யூல் ஹெச்1 என்று ஒரு பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. அல்பிரசோலம், டயாசிபாம், கோடீன் எல்லாம் அதில் உண்டு. அவற்றை விற்றால் எழுதிய டாக்டர், வாங்கும் நோயாளி, மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டம் இருந்தால் இந்த வகை என்று அறிந்துகொள்ளலாம். உங்கள் பெயருக்கு மேலேயும் கீழேயும் இருப்பவர்களையும் இதே கேள்விதான் கேட்டேன்.

தம்பி மாட்டிக்கிட்டான்னு தெரியுது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனா போலீஸ் பிடிச்சுக்குமா?

சிகிச்சைக்குப் போவது குற்றமில்லை. என்.டி.பி.எஸ். சட்டத்திலேயே 64-ஏ என்ற பிரிவு இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கோ சிறிய அளவுக்கோ வழக்கு உள்ளவர், அடிமையானவராக இருந்து, தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். பாதியில் விட்டுவிட்டால் விலக்கு போய்விடலாம். வியாபாரம் செய்தவருக்கு இது பொருந்தாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் பார்ப்பார்கள். 14446 போதை மீட்புக்கான தேசிய உதவி எண், 14416 டெலி மானஸ் மனநல எண். இரண்டும் இலவசம்.

அப்பா போன மாசம் தவறிட்டார். மார்ஃபின் மாத்திரை மிச்சம் இருக்கு. திருப்பி எடுத்துக்குவீங்களா?

நான் எடுக்க முடியாது. மருந்து தந்த வலி நிவாரணப் பிரிவையே முதலில் கேளுங்கள். அவர்கள் வாங்கிக்கொள்ளாவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது. சாதாரண மாத்திரைகளைச் சாக்கடையில் போடாதே என்று சொல்கிற அரசே, 2025-ல் ஒரு பட்டியல் வெளியிட்டு, 17 மருந்துகளை மட்டும் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொன்னது. மார்ஃபின், டிரமடால், டபென்டடால், டயாசிபாம் எல்லாம் அதில் இருக்கின்றன. தண்ணீர் கெடுவதை விட, வீட்டில் ஒரு குழந்தை எடுத்து விழுங்குவது பெரிய ஆபத்து என்ற கணக்கு. எண்ணிப் பார்த்து, வீட்டில் இன்னொருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யுங்கள். அட்டையில் அப்பா பெயர் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தால் அதை மட்டும் கிழித்து எடுத்துவிட்டு, காலி அட்டையைக் குப்பையில் போடுங்கள்.